களைச்செடி பெத்த டெய்சி, கலிஃபோர்னியாவுல நாலு நாள்

ஜூலை 10, வியாழன். சான்டா ரோஸா

முதல்லயே சொல்லிடறேன், இது கோயில் டூர் இல்ல. போன வாரம் சாப்பிடறப்ப "ஷாஸ்டா பாக்கணும்"னு பொண்ணுகிட்ட சொல்லிட்டு இருந்தேன், எங்க வீட்டுக்காரர் டிவி சத்தத்துல பாதி காதுல வாங்கி சாஸ்தா கோயில்னு நினைச்சுட்டார். இந்த ஊர்லயும் மலை மேல ஐயப்பனுக்கு கோயில் கட்டிட்டாங்க போலன்னு வேட்டி துண்டெல்லாம் எடுத்து பெட்டியில வச்சாச்சு. ஒரு பூவுக்காகத்தான் இத்தனை தூரம்னு தெரிஞ்சப்ப அவர் மூஞ்சி போன போக்க பாக்கணுமே.

பூ பேரு ஷாஸ்டா டெய்சி. வெள்ளை இதழ், நடுவுல மஞ்ச, குழந்தைங்கள பூ வரைன்னு சொன்னா வரையுமே அதேதான். குன்னூர்ல எங்க பெரியம்மா வீட்டு வேலியோரம் சின்ன வயசுல பாத்தது. கோயமுத்தூர் மொட்டை மாடியில நானும் மூணு தடவ விதை போட்டேன், மூணு தடவையும் முளைச்சு நல்லா வந்து ஏப்ரல் வெயில்ல சுருண்டு போச்சு. பொண்ணு வீட்டுக்கு ஃப்ரீமான்ட் வந்த அப்புறம்தான் தெரியுது, இது காட்டுல தானா வந்த பூ இல்லையாம், லூதர் பர்பாங்க்னு ஒருத்தர் 1884-ல ஆரம்பிச்சு 1901 வரைக்கும் 17 வருஷம் மல்லுக்கட்டி உண்டாக்கினதாம், அவர் தோட்டம் இங்கிருந்து கார்ல ரெண்டு மணி நேரம்தானாம். ரெண்டு மணி நேரத்துல அது இருக்கறப்ப சான் ஃபிரான்சிஸ்கோ பாலத்த ரெண்டாவது தடவ போய் பாக்க எனக்கு என்ன தலையெழுத்து.

ரெண்டு மணி நேரம்னு சொன்னது மேப். ரிச்மண்ட் பாலத்துல 8 டாலர் டோல் குடுத்துட்டு அந்தப் பாலத்து மேலயே முக்கால் மணி நேரம் நின்னோம். வந்து சேர்ந்தப்ப மணி நாலு ஆச்சு, வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் காட்டற டூர் மூணரைக்கே முடிஞ்சிருச்சு. தோட்டத்துக்கு மட்டும் எப்பவும் காசும் இல்ல, கேட்பாரும் இல்ல, இருட்டற வரைக்கும் திறந்திருக்கும். ஊருக்கு நட்ட நடுவுல, ரோட்டோரமா, ஒன்றரை ஏக்கர் சொச்சம் இருக்கும். பக்கத்துல பஸ் போகுது, ஆபீஸ்காரங்க பெஞ்சுல உக்காந்து சாண்ட்விச் சாப்பிடறாங்க. நம்மூரா இருந்தா கேட்டுல ஒரு ஆள் சீட்டுக் கிழிச்சுட்டு உக்காந்திருப்பார்.

டெய்சிப் பாத்தி கேட்டிலிருந்து கொஞ்சம் உள்ள. இடுப்பளவு செடி, அதுல நூறு நூத்தம்பது பூ. நான் அப்படியே நின்னுட்டேன். வீட்டுக்காரர் ஒரு பூவ பாத்தார், என்னைப் பாத்தார், "இதுக்கா?"ன்னார். அவ்ளோதான், போய் பெஞ்சுல உக்காந்துட்டார்.

பர்பாங்க் 1926-ல செத்தப்ப இந்த தோட்டத்துலயே ஒரு லெபனான் தேவதாரு மரத்தடியில புதைச்சாங்களாம், கல்லு வைக்கல, பேரு வைக்கல. அந்த மரமும் அப்புறம் பட்டுப் போச்சு. "எங்க புதைச்சாங்க"ன்னு பேரன் கேட்டான், எனக்கும் தெரியல, புல்லுதான் இருக்கு.

சாயங்காலம் ஆனதும் எங்கிருந்தோ குளிர்காத்து. ஜூலை மாசம், மத்தியானம் நல்ல வெயில், ஆறு மணிக்கு ஸ்வெட்டர் இல்லாம நிக்க முடியல. மோட்டல் 129 டாலர், அதுக்கு மேல வரி. வீட்டுக்காரர் எல்லாத்தையும் ரூபாய்க்கு மாத்தி மாத்தி சொல்லிட்டே வர்றார், அதுல பாதி டூர் கசந்து போகுது. கொண்டுவந்த புளிசாதத்துக்கு தொட்டுக்க மாப்ள மெக்டொனால்ட்ஸ்ல ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கிட்டு வந்தார். அங்கதான் ஒரு விஷயம். அந்த ஃப்ரைஸ் போடற நீள உருளைக்கிழங்கு ரஸட் பர்பாங்க், இதே ஆளோட கிழங்கு வழியில வந்தது. இருபத்தஞ்சு வயசு கூட ஆகாதப்ப மாசசூசெட்ஸ்ல ஒரு உருளைச்செடியில காய் பிடிச்சிருக்கறத பாத்து, அதுல இருந்த 23 விதையையும் போட்டு, வந்ததுல ஒண்ண மட்டும் எடுத்து, அந்த உரிமைய 150 டாலருக்கு வித்துட்டு அந்தக் காசுல 1875-ல இங்க வந்து சேர்ந்திருக்கார். நூத்தம்பது டாலர்! "நம்ம ரூம் வாடகை"ன்னார் வீட்டுக்காரர். புளிசாதமும் ஃப்ரைஸும், சொன்னா சிரிப்பீங்க, நல்லா சேருது.

ஜூலை 11, வெள்ளி. மறுபடி சான்டா ரோஸா, அப்புறம் செபாஸ்டபோல்

காலையில ஜன்னல திறந்தா எதிர்ல இருக்கற கடை தெரியல, அவ்ளோ பனிமூட்டம். ஊட்டியில டிசம்பர்ல எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு. இங்க டெய்சி ஏன் இப்படி கொழுகொழுன்னு இருக்கு, என் மாடியில ஏன் செத்துச்சுன்னு பல்லு விளக்கறப்பவே புரிஞ்சு போச்சு.

பத்து மணி டூருக்கு முதல் ஆளா நின்னோம். கூட்டிட்டுப் போனது ஒரு பாட்டியம்மா, எண்பது வயசு இருக்கும், சம்பளம் வாங்காம சேவையா பண்றாங்களாம். கோயமுத்தூர்னு சொன்னதும் ரெண்டு தடவ திருப்பிச் சொல்லிப் பழகிக்கிட்டாங்க, அப்புறம் டூர் முடியற வரைக்கும் என்னை "கோயமுத்தூர் தோட்டக்காரி"ன்னுதான் கூப்பிட்டாங்க. எனக்கு டாக்டர் பட்டம் குடுத்த மாதிரி. எடிசனும் ஃபோர்டும் இந்த வீட்டுக்கு வந்திருக்காங்கன்னு அவங்க சொன்னப்ப வராத உசிரு, பரமஹம்ச யோகானந்தர் கூட இங்க வந்து பழகியிருக்கார்னு சொன்னப்ப வீட்டுக்காரருக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் பெஞ்சு தேடல.

1889-ல பர்பாங்கே கட்டின கிளாஸ் ஹவுஸ் இன்னும் நிக்குது. 1906 பூகம்பத்துல இந்த ஊர் மெயின் ரோடெல்லாம் தரைமட்டம் ஆகியிருக்கு, இது தப்பிச்சிருக்கு. உள்ள நுழைஞ்சா ஈரமண் வாசம், மர டேபிள், பழைய தொட்டி. நம்ம வீட்டு சமையல்கட்டவிட கொஞ்சம் பெருசு, அவ்ளோதான். பெரிய லேப் மாதிரி எதையோ நினைச்சுட்டுப் போனேன்.

பாத்திக்கு வந்ததும் நான் கேட்ட கேள்விக்கு அந்தம்மா சந்தோஷமாயிட்டாங்க. டெய்சிய எப்படி ஒண்ணோட ஒண்ணு கலக்கறதுன்னு கேட்டேன். பூசணி மாதிரி ஆண்பூ தனி பெண்பூ தனின்னா பிரச்னையே இல்ல, காலையில ஆண்பூவ பிச்சு பெண்பூவுல தேய்ச்சுட்டுப் போயிடுவோம். டெய்சியில அந்தக் கதை நடக்காது. பையிலிருந்து லென்ஸ் எடுத்துக் குடுத்து ஒரு பூவ என் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சாங்க.

நடுவுல இருக்கற மஞ்ச ஒரு பூவே இல்லீங்க. நூத்துக்கணக்குல குட்டிக் குட்டி பூ, ஒவ்வொண்ணும் குழல் மாதிரி, வாயில அஞ்சு முனை. நாம பிச்சுப் பிச்சு விளையாடற வெள்ளை இதழ் கூட ஒவ்வொண்ணும் தனித்தனிப் பூதான். நம்ம சாமந்தி, சூரியகாந்தியெல்லாம் இதே ஜாதி. மஞ்ச வட்டத்துல ஓரத்து வரிசை முதல்ல திறக்குது, மறுநாள் அதுக்கு உள்வரிசை, இப்படியே வட்டம் வட்டமா நடுவுக்குப் போகுது. நான் பாத்த பூவுல ஓரத்து மூணு வரிசை திறந்திருந்துச்சு, நடு இன்னும் பச்சை மொட்டு. திறந்ததுலயும் ஒரு கூத்து. முதல்ல உள்ளயிருந்து ஒரு காம்பு, சிரிஞ்சுல தள்ளற மாதிரி மகரந்தத்த மேல தள்ளிட்டு வெளிய வருது. அதுக்கப்புறம்தான் அந்தக் காம்போட நுனி ரெண்டா பிளந்து, வேற மகரந்தத்த வாங்கிக்கத் தயாராகுது. அதுக்குள்ள தன் மகரந்தமும் பக்கத்து வீட்டு மகரந்தமும் மேலெல்லாம் அப்பிக் கிடக்குது. இத்தனூண்டு குழலுக்குள்ள கத்திரி வச்சு என்னத்த வெட்டறது.

பர்பாங்க் பண்ணின வேலை, தண்ணிய மெலிசா பீச்சி அந்த மகரந்தத்த கழுவி விட்டுட்டு, ஈரம் காஞ்சதும் வேற செடியோட மகரந்தத்த விரல் நுனியில தொட்டு வைக்கறது. அவ்ளோதான். மெஷின் இல்ல, மருந்து இல்ல. நான் வாய பிளந்துட்டு நின்னேன், இத என் மாடியிலயே செய்யலாமே.

அம்மா அப்பா யாருன்னு கேட்டா அது ஒரு பெரிய சம்பந்தி வட்டாரம். முதல்ல ஆக்ஸ்ஐ டெய்சி, சின்ன வயசுல இருந்து அவருக்குப் பிடிச்சது, ஆனா விவசாயிங்களுக்கு அது சுத்தக் களை. செடி நல்ல திடம், கெட்டி, எங்க போட்டாலும் வரும், பூ மட்டும் சின்னது. அத இங்கிலீஷ் வயல் டெய்சியோட சேர்த்தார், பூ பெருசாச்சு. அதுல நல்லதா பொறுக்கி போர்ச்சுகல் டெய்சியோட சேர்த்தார். பல வருஷம் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தும் வெள்ளை அவருக்கு திருப்தியா வரல, மங்கலாவே இருந்துச்சாம். கடைசியில ஜப்பான் டெய்சி, பூ சின்னது ஆனா பளீர் வெள்ளை, அத சேர்த்த அப்புறம்தான் மனசுக்குப் பிடிச்சது வந்திருக்கு. நாலு நாட்டு சம்பந்தம். அந்த வெள்ளை ஷாஸ்டா மலையோட பனி மாதிரி இருக்குன்னு மலை பேர வச்சுட்டார். அந்த மலைய நாளைக்கு பாக்கப் போறோம்.

இதுல என்னைப் போட்டு உலுக்கினது கலக்கற வேலை இல்ல. ஒரே தலைப்பூவுல வர்ற விதைங்க கூட ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, ஒரு வயித்துப் புள்ளைங்க மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. அதனால ஆயிரக்கணக்குல நாத்து போட்டு, வரிசையா நடந்துட்டே போய், இது வேணும் இது வேணும்னு ஒண்ணு ரெண்ட மட்டும் வச்சுக்கிட்டு மிச்சத்த மொத்தமா பிடுங்கி குவிச்சு நெருப்பு வச்சுடுவாராம். வருஷா வருஷம். பதினேழு வருஷம். அந்த ஒண்ண அப்புறம் விதை போட்டுப் பெருக்கறதில்ல, விதை போட்டா திரும்பவும் கலவையா வரும், பக்கத்துல வர்ற கன்ன பிரிச்சு நட்டாத்தான் அச்சு அசல் அதே பூ.

வீட்டுக்காரர் உடனே அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல போட்டுக் குடுத்தார், "இவ ஒரு நாத்த கூட பிடுங்க மாட்டா மேடம், நாப்பது முளைச்சா நாப்பதுக்கும் தொட்டி வாங்குவா." அது நிஜம். எங்க வீட்டு மாடியில தயிர் டப்பாவுல தக்காளி, பெயின்ட் வாளியில செண்டுமல்லி, உடைஞ்ச வாஷ்பேசின்ல கூட ஏதோ இருக்கு. முளைச்சத எப்படிங்க கொல்றது. அந்தம்மா சிரிச்சுட்டு என் தோள்ல தட்டிக் குடுத்தாங்க, எதுவும் சொல்லல.

இன்னொண்ணு. 1905-ல ஆராய்ச்சிக்கு பணம் குடுக்கற கார்னகி நிறுவனம் வருஷத்துக்கு 10,000 டாலர் குடுக்கறோம், செய்யறத எல்லாம் ஒழுங்கா எழுதி வைங்கன்னு ஒரு விஞ்ஞானியையும் கூட அனுப்பியிருக்காங்க. பர்பாங்குக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் ஆகாது, கண்ணும் கையும்தான் கணக்கு. சில வருஷத்துலயே பணத்த நிறுத்திட்டாங்க. பாவம்னு சொல்லணுமா, வேணும்னு சொல்லணுமா தெரியல. எங்க ஆத்தா ஊறுகாய்க்கு உப்பு அளவு கேட்டா "கைக்குத் தெரியும்"னு சொல்லும், அது செத்த அப்புறம் அந்த ஊறுகாய் யாருக்குமே வரல.

மத்தியானம் செபாஸ்டபோல், கால் மணி நேரம்தான். 1885-ல அவர் வாங்கின பண்ணை அங்க இருக்கு, கோல்ட் ரிட்ஜ்னு பேரு. பெரிய பண்ணையா இருந்ததுல இப்ப மிஞ்சினது மூணு ஏக்கர் மாதிரி, பக்கத்துலயே வயசானவங்க குடியிருப்பு. அந்த பெரிய நாத்து வரிசையெல்லாம் இந்த மாதிரி இடத்துலதான் போட்டிருக்கார். ஆள் நடமாட்டமே இல்ல, முள்ளில்லாத கள்ளிச்செடி ஒண்ணு மரம் மாதிரி நிக்குது, பேரன் அத தொட்டுத் தொட்டு பாத்து நம்பவே இல்ல. (முழுசா முள்ளில்லாம இல்லீங்க, பொடி ஊசி இருக்கத்தான் செய்யுது, மாப்ள விரல்ல ஏறி ராத்திரி வரைக்கும் எடுத்துட்டு இருந்தோம்.)

ரோட்டுக்குத் திரும்பற வழியில வேலியோரம் பூரா பிளாக்பெர்ரி, கருகருன்னு பழம். கடையில உள்ளங்கை அளவு டப்பா 6 டாலர், இங்க சும்மா தொங்குது, விடுவேனா. புடவையோட உள்ள கைய விட்டேன். முள்ளுன்னா முள்ளு, பூனை பிறாண்டின மாதிரி முழங்கை வரைக்கும் கோடு கோடா ரத்தம், முந்தானை வேற சிக்கிக்கிட்டு கிழிஞ்சுது. நாய கூட்டிட்டுப் போன ஒருத்தர் நின்னு, நாய் கயித்த மாப்ளகிட்ட குடுத்துட்டு, ஒவ்வொரு முள்ளா பொறுமையா எடுத்து புடவைய விடுவிச்சுக் குடுத்தார். அவர்தான் சொன்னார், இதோட பேரு ஹிமாலயன் பிளாக்பெர்ரி, கொண்டுவந்து பரப்பினது உங்க பர்பாங்க்தான்னு. 1885-ல இந்தியாவுல இருந்து வந்த விதையாம், ஹிமாலயா ஜயன்ட்னு பேரு வச்சு வித்திருக்கார், உண்மையில அது ஆர்மீனியா பக்கத்து செடி. இப்ப இங்கிருந்து கனடா வரைக்கும் ஆத்தங்கரை, ரோட்டோரம் எல்லாத்தையும் மூடிட்டு கிடக்குது, வருஷம் பூரா வெட்டியும் தீரலையாம். "ஏன்டி, களைய பூவாக்கினாரு, பழத்த களையாக்கிட்டாரா"ன்னு வீட்டுக்காரர் கேட்டார். கையில மருந்து தடவிக்கிட்டே ஆமான்னேன். பழம் என்னவோ அமிர்தம்.

ஊரைத் தாண்டற முன்னாடி ஒரு நர்சரியில ஷாஸ்டா டெய்சி ஒரு தொட்டி வாங்கினேன், 16 டாலர் 99 சென்ட். ரகத்தோட பேரு பெக்கி. இது பர்பாங்க் காலத்து ரகம் இல்ல, பின்னாடி இங்க அமெரிக்காவுலயே ஜார்ஜியா மாநிலத்துப் பக்கம் இருந்து வந்தது, வெயில் தாங்கும்னு சொல்லி 2003-ல வருஷத்தோட சிறந்த செடின்னு பேரு வாங்கினது. நர்சரிக்கார பையன்கிட்ட கோயமுத்தூர் வெயில் தாங்குமான்னு கேட்டேன், எத்தனை டிகிரின்னு கேட்டான், சொன்னேன், தலைய மட்டும் ஆட்டினான். ஊருக்கு எடுத்துட்டுப் போகவும் முடியாது, செடி கொண்டுபோகணும்னா அதுக்கு சர்டிஃபிகேட் பர்மிட்னு ஆயிரம் இருக்கு. பொண்ணு வீட்டுக் கொல்லைக்குன்னு வாங்கிக்கிட்டேன். பதினோரு பூ, நாலு மொட்டு. டிக்கியில இடம் இல்ல, என் காலடியில வச்சுக்கிட்டேன்.

ஜூலை 12, சனி. வடக்க வடக்க

இன்னிக்கு பூரா கார். காலையில ஸ்வெட்டர் போட்டு கிளம்பினவங்க பதினோரு மணிக்கு ஏசிய முழுசா வச்சும் வேர்த்துட்டு இருந்தோம். இந்த ஊர்ல ஒரு மலை தாண்டினா மார்கழி சித்திரை ஆயிடுது. ரெண்டு பக்கமும் பாதாம் தோப்பு, நெல் வயல். ஆமா நெல்லுதான், வீட்டுக்காரர் வண்டிய நிறுத்தச் சொல்லி இறங்கி நின்னு பாத்துட்டு வந்தார்.

ரெடிங்ல 40 டிகிரி. அங்க கண்ணாடித் தரை போட்ட ஒரு பாலம் இருக்கு, 2004-ல கட்டினது, ஒரு பக்கம் மட்டும் பெரிய கம்பம் சாஞ்சு நின்னு மொத்தத்தையும் கம்பியில இழுத்துப் பிடிக்குது. பாதிப் பாலம் நடந்துட்டு திரும்பிட்டோம், வெயில்ல செருப்பு ஒட்டுது. தயிர்சாதம் அதுக்குள்ள புளிச்சிருந்துச்சு, மோர் மிளகாய் இருந்ததால உள்ள போச்சு. லெமனேட் ஒண்ணு 6 டாலர்.

திரும்ப கார் கதவ திறந்தப்பதான் அந்த நாத்தம். சொல்றதுக்கு கூச்சமாத்தான் இருக்கு, மாட்டுக் கொட்டாயும் பூனை மூத்திரமும் கலந்த மாதிரி. முதல்ல பேரன் ஷூவ கழட்டச் சொன்னோம். அப்புறம் தயிர்சாத டப்பாவ குப்பையில போட்டோம், என் நல்ல டப்பா அது. அப்புறம் எல்லாரும் வீட்டுக்காரர் சாக்ஸ பாத்தோம். "என்னடா என்னையவே பாக்கறீங்க"ன்னு மனுசனுக்கு கோவம் வந்து அம்பது மைல் பேசல. ஜன்னல திறந்தா அனல், மூடினா நாத்தம், இப்படியே போனோம்.

ரெடிங் தாண்டி ஒரு வளைவுல மலை தெரிஞ்சுது. நான் வேற எதையோ எதிர்பாத்திருந்தேன், மலைத்தொடர் மாதிரி. இது ஒத்தையா, பக்கத்துல துணைக்கு ஒண்ணும் இல்லாம, 14,179 அடி, அடியில பச்சை, மேல வெள்ளை. ஜூலையிலயும் உச்சியில பனி. கார்ல யாரும் ஒரு நிமிஷம் பேசல, கோவத்துல இருந்தவர் உட்பட. அப்புறம் அவரே "சரி, பேரு வைக்கலாம்தான்"ன்னார்.

மவுன்ட் ஷாஸ்டா ஊர் சின்னது, கடைத்தெருவுல ரெண்டு கடைக்கு ஒரு கடை கல்லு விக்கறாங்க, ஸ்படிகம், ஊதாக் கல்லு, அதுக்கு சக்தி இருக்காம், ஒரு எலுமிச்சை அளவு 45 டாலர். மலைக்கே சக்தி இருக்குன்னு எங்கெங்கிருந்தோ வந்து தங்கறாங்க. நான் பொட்டும் புடவையுமா நின்னத பாத்து, ஜடாமுடி வச்ச ஒரு பையன் வந்து கும்பிட்டு, நீங்க குருவான்னு கேட்டான். இல்லப்பா, ரிடையர்டு எல்ஐசின்னு சொன்னேன். அப்பவும் ஆசீர்வாதம் வாங்கிட்டுத்தான் போனான்.

மோட்டல்காரங்க புக்கிங் வேற தேதியில இருக்குன்னு கை விரிச்சுட்டாங்க, மாப்ள ஃபோன காட்டி அரை மணி நேரம் பேசி, கடைசியில ஒரே ரூம்ல அஞ்சு பேரு. பேரு சொல்லல, விடுங்க.

ஜூலை 13, ஞாயிறு. ஷாஸ்டா மலை, வீட், வீடு

காலையில ஊர் பார்க்ல இருக்கற ஊத்துக்குப் போனோம். பாறைக்கு அடியிலிருந்து தண்ணி கொப்புளிச்சு வருது, சாக்ரமென்டோ ஆறு இங்கதான் ஆரம்பிக்குதுன்னு சொல்றாங்க. ஊர்ல பாதிப் பேரு கேனோட வரிசையில நிக்கறாங்க, யாரும் முந்தல, நமக்கு முன்னாடி நின்ன அம்மா எங்ககிட்ட பாட்டில் சின்னதா இருக்கறத பாத்துட்டு தன் கேன் ஒண்ண குடுத்துட்டாங்க. கைய விட்டா பத்து எண்ண முடியல, மரத்துப் போகுது. வீட்டுக்காரர் ரூம்லயிருந்தே வேட்டி கட்டிட்டு வந்திருந்தார். சாஸ்தா மலைக்கு வந்துட்டு தீர்த்தம் எடுக்காம போறதான்னு கேன் நிறைய பிடிச்சுக்கிட்டார். நான் ஒண்ணும் சொல்லல.

மலை மேல பன்னி ஃபிளாட்னு ஒரு இடம் வரைக்கும் கார் போகும், கிட்டத்தட்ட 7,000 அடி. அங்கிருந்து உச்சி பக்கத்துல தெரியுது, ஆனா வெள்ளை அழுக்கா இருந்துச்சு, பனி மேல சாம்பல் நிறத்துல மண்ணு, அங்கங்க கறுப்புப் பாறை. பூவோட வெள்ளைதான் சுத்தம். அந்த மலையில ஒரு ஷாஸ்டா டெய்சி கூட இல்லங்கறதையும் சொல்லணும், இருக்கவும் இருக்காது, பேரு மட்டும்தான் மலையோடது.

ஆனா இறங்கி வடக்க போற வழியில ரோட்டோர புல்லுல வெள்ளையா ஏதோ. நிறுத்தச் சொன்னேன். ஆக்ஸ்ஐ டெய்சி. அந்தக் களைச்செடி, முதல் தாய். என் தொட்டிய இறக்கி பக்கத்துல வச்சு பாத்தேன். இது பூ ரெண்டு ரூபா காசவிட கொஞ்சம் பெருசு, அது டபரா வாய் அளவு. இதோட அடி இலை கரண்டி மாதிரி, ஓரமெல்லாம் பிச்சு விட்ட மாதிரி வெட்டு. அது இலை நீளம், தடிப்பு, பளபளப்பு, ஓரத்துல ரம்பப் பல்லு. இது தண்டு நூல், காத்துல ஆடிட்டே இருக்கு, அது விறைப்பா நிக்குது. பேரன் ரெண்டுலயும் இதழ எண்ணினான், பாதியில விட்டுட்டான். யாரும் தண்ணி ஊத்தல, உரம் போடல, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் அதுதான்.

அங்கிருந்து அஞ்சு நிமிஷத்துல ஒரு போர்டு, ஊர் பேரு வீட். "அம்மிச்சி, வீட்னா களைதானே?"ன்னு பேரன் கேட்டான். களைதான். ஏப்னர் வீட்னு ஒரு மரவியாபாரி பேர வச்ச ஊராம். கடையெல்லாம் ஊர் பேரு போட்ட டீஷர்ட், பசங்க போர்டு பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கறாங்க, இதுல என்ன இருக்குன்னு மாப்ளய கேட்டா பொண்ணும் அவரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க, சொல்ல மாட்டேங்கறாங்க. காருக்கு பெட்ரோல் போட்டோம், காபி 5 டாலர் 50 சென்ட், கழுநீர் மாதிரி.

அப்பதான் குட்டு உடைஞ்சுது. கார் கதவ திறந்து வச்சுட்டு நின்னப்ப என் காலடித் தொட்டி மேல ஏழெட்டு ஈ. டப்பா இல்ல, சாக்ஸ் இல்ல, டெய்சிதான்! குனிஞ்சு மோந்தேன், வயித்த புரட்டிடுச்சு. மாப்ள ஃபோன்ல தேடிப் பாத்து படிச்சார், ஷாஸ்டா டெய்சிக்கு நாத்தம் உண்டாம், ஈயக் கூப்பிடறதுக்காம், தோட்டத்துல தெரியாது, மூடின கார்ல வச்சா இப்படித்தான். பதினேழு வருஷம், நாலு நாடு, எத்தனை ஆயிரம் நாத்து, கண்ண மட்டும் வச்சு பொறுக்கின மனுசன் மூக்க எங்க வச்சிருந்தாரோ.

வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல. சாக்ஸ் போட்ட கால ஒரு தடவ தூக்கிக் காட்டினார், அவ்ளோதான்.

ஃப்ரீமான்ட் இன்னும் அஞ்சு மணி நேரம். தொட்டிய விட்டுட்டுப் போலாம்னு பொண்ணு, முடியாதுன்னு நான். கடைசியில பெட்ரோல் பங்க் கவுன்டர்ல இருந்த பொண்ணுகிட்ட கத்திரி கேட்டேன். அது என் கையில இருந்த கீறல பாத்து பேண்ட்எய்டும் சேர்த்துக் குடுத்துச்சு. பூவ ஒண்ணொண்ணா வெட்டினேன். முதல் ரெண்டுக்கு கை வரல. பதினொண்ணையும் குப்பைத்தொட்டியில போட்டுட்டு கத்திரிய கழுவிக் குடுத்துட்டு வந்தேன். நாலு மொட்டு இருக்கு, ஒண்ணுல மட்டும் பச்சைக்கு நடுவுல வெள்ளை கீத்து எட்டிப் பாக்குது.

ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு வீடு. ரசம் வச்சு அப்பளம் சுட்டோம். தீர்த்தக் கேன் ஃபிரிட்ஜுல, தொட்டி கொல்லையில, மாப்ள விரல்ல இன்னும் ஒரு முள்ளு பாக்கி.